கருவூலத்து நத்தையைத் துளையிடாதிருக்க

கடல் சூழ்ந்த மிளைத்தீவின் காவல் பூண்டு, அதன் ஒரே மாளிகையில் ஒற்றை விளக்கேற்றி வாழும் அரையநங்கை, வேங்கைக்கொடி உயர்த்தியவரும், கொன்றைநாட்டு ஆறுகள் அனைத்துக்கும் உரியவரும், எமக்குப் பின்பிறந்தவருமான மன்னர் விறலரையருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் ஏரிகளில் நீரும், அடுக்களைகளில் புகையும், பிள்ளைகள் உள்ள வீடுகளில் கூச்சலும் என்றும் குறையாதிருக்கட்டும். இளவரசரின் திருமணம் இனிதே நிறைவேறட்டும். அத்திருமணத்தின் பொருட்டே இதனை எழுத நேர்ந்தது.

தங்கள் கருவூல நாயகம் பூதன் சாத்தனார் உப்புப் படகில் எமக்கு ஓர் ஓலை அனுப்பியிருந்தார். எமக்கு முன்னிருந்த தீவுக்காவலர் திறையாக அனுப்பிய மிளைநத்தை ஓடுகளுள் ஒன்று மட்டும் சந்தனப் பேழையில் எஞ்சியிருக்கிறது என்றும், இளவரசரின் மணமகள் அணியும் மாலைக்குப் பதக்கமாக அதனைக் கோக்க விரும்புவதாகவும் கூறியிருந்தார். அதன் வாய் வெண்மையான முத்திரையால் மூடப்பட்டிருப்பதாகவும், தீவுக்காவலர் இட்ட முத்திரையைத் தீவின் அனுமதியின்றி உடைப்பது குற்றமாகும் என்பதால் இதுவரை எவரையும் தொடவிடவில்லை என்றும், இப்போது அதனை உடைத்துத் துளையிட எம் இசைவை வேண்டுவதாகவும் எழுதியிருந்தார்.

படித்ததும் வாய்விட்டுச் சிரித்தோம். இம்மாளிகையில் சிரிப்பொலி கேட்டு நெடுநாள் ஆகிவிட்டபடியால், எமக்கு என்னவோ ஆயிற்று என்று பணிப்பெண் பதறி ஓடிவந்தாள். அவளுக்கு விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் சாத்தனார் எழுதியதன் பொருள் எமக்கே முழுதும் விளங்கிற்று. சிரிப்பு அத்துடன் நின்றது.

தம்பி, அது எந்தக் காவலரும் இட்ட முத்திரை அன்று. அது அந்த நத்தை தனக்குத் தானே சாத்திக்கொண்ட கதவு.

மாளிகைக்குப் பின்னுள்ள புன்னை மரத்தில் ஒரு நத்தை வாழ்கிறது. பழுத்த பாக்கின் நிறமும், விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடும் உடையது. சென்ற கோடையில் அது ஒரு கிளையில் ஒட்டியபடி அசைவற்றுக் கிடந்தது. வாயில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெண்மையாக ஏதோ மூடியிருந்தது. இறந்தது என்றே நம்பினோம். ஒரு பூச்சிக்காக அரசகுலத்தவள் அழலாமா என்று தாங்கள் நகைக்கக்கூடும். அழுதோம் என்பதை மறைக்கப் போவதில்லை. முதல் மழை பெய்த காலையில் அம்மூடி உதிர்ந்தது. உள்ளிருந்து மெல்லக் கொம்பு நீட்டி, ஒன்றும் நடவாததுபோல் அது இலை தின்னச் சென்றது. நீரில்லாக் காலத்தில் வாயை மூடி, ஆண்டுகள் சிலவும் அவ்வாறே உறங்கிக் கிடக்க வல்லது இவ்வினம் எனத் தீவார் சொல்கின்றனர். சாத்தனாரின் பேழையில் மழை பெய்ததில்லை. ஆகவே அங்குள்ளதும் காத்திருக்கக்கூடும்.

புன்னையில் உள்ளது ஒன்றே. தீவு முழுதும் தேடியாயிற்று; வேறில்லை. நம் மரக்கலங்களோடு வந்திறங்கிய எலிகள் பாதியைத் தின்றன. மீதியை நம் குலத்தார் தம் மக்களின் மணமாலைகளில் கோத்தனர். எம் மணநாளில் எம் கழுத்தில் கிடந்த மாலை தங்களுக்கு நினைவிருக்கலாம். அழகாக இருக்கிறது என்று அன்று எல்லோரும் சொன்னார்கள்.

இதனால் நேர்ந்ததைக் கேளுங்கள். கார்காலத்தில் இரண்டு நத்தைகள் ஒரே மரத்தில் சேர்ந்திருக்கக் கண்ட பின்னரே இத்தீவில் திருமணம் நிகழ்த்துவர். இரண்டைக் காணாத ஆண்டில் மணம் இல்லை. யாம் வந்தது முதல் எவரும் இரண்டைக் காணவில்லை. எனவே மணவயது எய்தியவர்கள் ஒவ்வொருவராகப் படகேறி அக்கரைக்குப் போய் அங்கேயே மணந்து தங்கிவிடுகின்றனர். திரும்பி வந்தவர் ஒருவரும் இல்லை. அவ்வழக்கத்தை விட்டொழிக்குமாறு முரசறைவித்தோம். மக்கள் கூடி நின்று கேட்டனர், வணங்கினர், கலைந்து சென்றனர். அரசாணையால் வரி வாங்கலாம், மணவாழ்த்து வாங்க முடியாது என்று அன்று அறிந்தோம்.

இப்போது இளையவர் என எஞ்சியிருப்போர் இருவர். படகுத் தச்சரின் மகள் உலகி. அவள் மணக்க விரும்பும், மலைத்தேன் எடுக்கும் காரி. அடுத்த பருவக்காற்றில் தானும் காரியும் புறப்படுவதாக உலகி எம்மிடம் வந்து விடைகேட்டாள். புன்னைமரத்தின் அடியில் வளர்ந்தவள் தான் என்றும், அம்மரத்தடியிலேயே மணமுடிக்க வேண்டும் என்பதைத் தவிரத் தனக்கு வேறு ஆசை இருந்ததில்லை என்றும், ஆனால் காத்திருந்து காத்திருந்து தலை நரைத்துவிடும்போல் இருக்கிறது என்றும் உரைத்தாள். அவர்கள் சென்றால் பிறகு இங்கே தொட்டில் கட்ட ஆளில்லை. முதியோர் ஒவ்வொருவராக மறைவர். சாத்தனாரின் ஓலையை அவளுக்குப் படித்துக் காட்டினோம். தங்கள் படகு வரும்வரை பொறுப்பதாக வாக்களித்துச் சென்றாள்.

பேழையில் உள்ளது ஆணா பெண்ணா என ஆராய்ந்து அரண்மனை மருத்துவர் காலத்தைப் போக்க வேண்டாம். நத்தைக்கு இரண்டும் ஓருடலில் உண்டு. எந்த இரண்டும் போதும். ஒன்று மட்டும் போதாது.

கணவரை இழந்த பின் எம்மைக் கோட்டைக்கு அழைத்து முன்னர் ஓலை விடுத்தீர்கள். மறுமொழி எழுதவில்லை. அங்கே ஆயிரம் பேர் நடுவில் தனித்திருப்பதைவிட இங்கே இருப்பது எளிது என்று எண்ணினோம். அது முழு உண்மை அன்று. மாலையானதும் பேச ஆளின்றிப் புன்னைமரத்தடியில் போய் நிற்கிறேன். அந்த நத்தை கிளை முழுதும் ஊர்ந்து, நுனிவரை சென்று, கொம்பை நீட்டிச் சுற்றிலும் துழாவிவிட்டுத் திரும்பி வருகிறது. நாள்தோறும் இதையே செய்கிறது. பார்க்கப் பொறுக்கவில்லை, தம்பி.

ஆகவே மிளைத்தீவின் காவல் உரிமையாலும், தங்கள் தமக்கை என்னும் உரிமையாலும் ஆணையிடுவது இது: பேழையில் உள்ள நத்தையை ஊசியோ கத்தியோ தீண்டலாகாது. மாலைக்கு முத்து கோக்கட்டும். மணமகளின் அழகு அதனால் குறையாது. ஈரத் துணியும் பச்சை இலையும் இட்ட கூடையில், வெயில் படாமல், விரைவுப் படகில் நத்தையை ஏற்றுக. வழியில் எத்துறையிலும் விருந்துக்கோ பூசைக்கோ படகை நிறுத்தலாகாது. சாத்தனார் மீது குறை ஏதும் இல்லை. அவர் அஞ்சி அஞ்சிக் காத்ததால்தான் அது இன்னும் உடையாமல் இருக்கிறது. அவருக்கு எம் பெயரால் பட்டாடை அளிக்கப்படட்டும்.

ஈரம் பட்டும் அது விழிக்கவில்லை எனில், வேறு இன நத்தையை அனுப்பி எம்மைத் தேற்ற முயல வேண்டாம். உள்ளதை உள்ளபடி எழுதி, வெற்று ஓட்டையே அனுப்புக. அதனைப் புன்னையின் வேரடியில் புதைப்போம். உலகியையும் காரியையும் அதே படகில் யாமே கைபிடித்து ஏற்றிவிடுவோம். கோட்டையில் அவர்களுக்கு ஒரு வீடும், மணமுடிக்க ஒரு மரத்தடியும் தந்தருள்க. எமக்கென அப்படகில் இடம் ஒதுக்க வேண்டாம். மரத்தில் இருப்பது உயிரோடு உள்ளவரை அதனைத் தனியே விட்டு வரமாட்டேன்.

கார்காலத்து வளர்பிறையில், மிளைத்தீவு மாளிகையிலிருந்து, அரையநங்கை தன் கையால் எழுதி மீன் இலச்சினை பொறித்தது. உடன் நிறைவேற்றுக.