எஸ்தருக்கு மட்டும் வந்த வாடை

பிப்ரவரி 19, திங்கள்

காலையில் கடும் பனி. பாலாறு தெரியவில்லை. தெரிந்தால் மட்டும் தண்ணீரா ஓடப்போகிறது.

வாயால் கெட்டேன். அக்கா மகள் எஸ்தருக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு அவளைக் காவேரிப்பாக்கத்திலிருந்து ஆம்பூருக்கு அழைத்து வர வேண்டும். ரயில் இருக்கிறது. நல்ல ரயில். நேற்று கோயில் வாசலில் ஊரே கேட்க, எஸ்தர் மோட்டார் காரில் மகாராணியாக வருவாள் என்று பிரகடனம் செய்துவிட்டேன். அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். பின்வாங்க வழியில்லை.

நான் மேஸ்திரியாக இருக்கும் தோல் பதனிடும் ஷாப்பின் முதலாளி சாயபு, கேட்டதும் மோட்டாரைக் கொடுத்துவிட்டார். மறுத்திருந்தால் ஆயுசுக்கும் அவரை வாழ்த்தியிருப்பேன்.

அக்கா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "என் மொத புள்ள மாட்டு வண்டி குலுக்கல்லதான் போச்சு. ஞாபகம் வச்சுக்கடா."

பிப்ரவரி 20, செவ்வாய்

வெயில். ஏற்பாடுகள்: தலையணை நாலு, மண் கூஜா, எலுமிச்சை, வேதப்புத்தகம். வழியில் தீர்ந்துவிட்டால் என்று கூடுதலாக ஒரு டின் பெட்ரோல். காசிக்குப் போய்த் திரும்பலாம்.

டின் மூடி ஆடியது. ஆட்டுத்தோலில் வளையம் வெட்டி அடைத்து இறுக்கினேன். டிரைவர் தஸ்தகீர் பாய் சந்தேகமாகப் பார்த்தார். தோலால் அடைபடாத ஓட்டை பூலோகத்தில் இல்லை, வேண்டுமானால் பாலாற்றையே அடைத்துக் காட்டுகிறேன் என்றேன். டின்னைப் பின் ஸீட்டடியில் சாக்குப் போட்டு வைத்தேன்.

ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம். சுருட்டை விட்டிருக்கிறேன். மடியில் இரண்டு மட்டும், ஆபத்துக்கு.

ராத்திரி கனவில் குடை சாய்ந்த மோட்டார். தூக்கம் போச்சு.

பிப்ரவரி 21, புதன்

வந்து சேர்ந்தோம். எழுத்து கோழிக் கிறுக்கல்.

போகும்போது ஒரு குறையுமில்லை. காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் வீடு. எஸ்தர் உருண்டையாக, அழகாக. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார், பாவம், வண்டி நகரும்போது அழுதுவிட்டார். எஸ்தர் பின்னால், தலையணைகளுக்கு நடுவே. நான் முன்னால். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு ஜெபம். வேலூர் தாண்டுமுன் வேதப்புத்தகத்துச் சங்கீதங்கள் முழுவதும் தீர்ந்துவிட்டன.

ஜெபம் தீர்ந்ததும் ஒரு சுருட்டு. நெருப்புப்பொறி காற்றில் பின்பக்கம் பறந்தது. இப்போது நினைத்தால்... வேண்டாம்.

பள்ளிகொண்டா தாண்டி ரோட்டின் இரண்டு பக்கமும் மாந்தோப்பு. இலையே தெரியாமல் பூ. மரத்துக்கு மரம் பொன்னாடை போர்த்தினாற்போல. தேனீ இரைச்சல் இஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. எஸ்தர் ஏதோ நாற்றம், தலை சுற்றுகிறது என்றாள். மாம்பூ வாசனை என்றேன். "வாயும் வயிறுமா இருந்தா அப்டித்தாம்மா, மல்லிப்பூகூட நாறும்," என்றார் பாய். இருவரும் சிரித்தோம். இரண்டாவது சுருட்டை எடுத்தேன்.

"மாமா, வண்டிய நிறுத்த சொல்லு."

நிறுத்தினோம். இறங்கி மரத்தடிக்குப் போனாள். நான் தீக்குச்சியை எடுத்தேன். திரும்பி வந்து தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளுப்பை நான் பார்த்ததில்லை.

"என் பொடவ கீழ நனஞ்சிருக்கு. மோந்து பாரு."

மோந்தேன். ஒன்றுமில்லை. பாயும் மோந்தார், தண்ணீர்தான், கூஜா கவிழ்ந்திருக்கும் என்றார். கூஜா நிமிர்ந்தே இருந்தது. ஓரத்தை விரலால் தொட்டேன். இருபது வருஷம் ஊறிய தோலைத் தொட்டுத் தரம் பிரித்த விரல். தண்ணீரின் குளிர்ச்சி இல்லை அது. பனிக்கட்டி மாதிரி சில்லென்று இழுத்தது, உடனே காய்ந்தது.

பெட்ரோல்.

ஸீட்டடியில் கை விட்டேன். சாக்கு முழுக்கச் சொதசொதப்பு. என் ஆட்டுத்தோல் வளையம் உப்பிப் பிதுங்கியிருந்தது.

சுண்ணாம்புக் குழியும் பச்சைத்தோலும் தின்ற மூக்கு எனக்கு. பாய் பெட்ரோலிலேயே குளிப்பவர். எங்கள் ஊர் மூக்குகளை எப்போதோ அடக்கம் செய்தாயிற்று. கல்யாணமாகிப் போன இடத்து இரண்டு வருஷ ஏரிக்காற்று இவளுக்கு மட்டும் மூக்கைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது.

ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். பாய் டின்னைத் தூரக் கொண்டுபோய்க் கொட்டினார். அவர் உதடு ஓதிக்கொண்டே இருந்தது. எஸ்தர் தோப்பு வாய்க்காலில் கால் கழுவி, புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். தலையில் மாம்பூ உதிர்ந்திருந்தது. வெகுநேரம் வண்டியைத் திறந்து போட்டுக் காத்திருந்தோம். அவள் மூக்கு சரி என்ற பிறகே ஏறினோம்.

மாதனூர் கிட்ட மெதுவாகச் சொன்னாள்: "அப்போலேர்ந்து உள்ள அசையல மாமா."

அதற்குப் பிறகு வந்த ரோடு எனக்கு ஞாபகமில்லை.

பிப்ரவரி 22, வியாழன்

பனி. விடிந்ததும் ஆஸ்பத்திரி நர்ஸம்மா வந்தார். குழல் வைத்துக் கேட்டார். நான் கதவுக்கு வெளியே, சுவரில் நெற்றி முட்டி. அந்த நேரத்தில் ஒரு யுகம் பிறந்து நரைத்துச் செத்தது. நர்ஸம்மா சிரித்த சத்தம் கேட்டது. நன்றாகத் துடிக்கிறதாம். மத்தியானம் எஸ்தர் என் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள். உதைத்தான். என்னைத்தான் உதைத்தான். நியாயம்.

அக்காவிடம் எல்லாம் சொன்னேன். திட்டவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஊருக்குள் பேச்சு: "மேஸ்திரி சொன்ன மாதிரியே மோட்டார்ல கூட்டியாந்துட்டாரே." வாய் திறக்கவில்லை. சரித்திரத்தில் முதல் தடவை.

பிப்ரவரி 23, வெள்ளி

புழுக்கம். எஸ்தர் நாள் முழுக்க முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரிகிறாள். ஊரின் தோல் நாற்றம் குடலைப் புரட்டுகிறதாம். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அக்கா அடுப்பு மூட்டுமுன் எஸ்தரைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல்கிறேன். விளக்குக்கும் அப்படியே. வீட்டில் எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

பிப்ரவரி 26, திங்கள்

காற்று இல்லை. ஷாப் பக்கமிருந்து புகை. எஸ்தர் முந்தானையை எடுத்துவிட்டுச் சாவகாசமாகக் கஞ்சி குடித்தாள். "இப்ப நாத்தமே தெரில மாமா. பழகிடுச்சு." அக்காவுக்குச் சந்தோஷம், மகள் வீடு வந்து சேர்ந்துவிட்டாளாம். வீட்டில் இருந்த ஒரே மூக்கும் போயிற்று.

அடுப்படியில் அக்கா தீப்பெட்டியைத் தேடுகிறாள். அது என் மடியில் இருக்கிறது.