சாயங்காலம் வந்துருவான்

கூரியரில் வந்த சிடியைப் பத்து நாளாக பீரோவில் வைத்திருந்தேன். நேற்று மத்தியானம், மகன் கம்பம் சந்தைக்குப் போன பிறகு, நானே போட்டுப் பார்த்தேன். டிவியில் நீங்கள் வந்தீர்கள். நான் தேய்த்து வைத்த வெள்ளைச் சட்டையை விட்டுவிட்டு, திராட்சைக்கு மருந்தடித்த நீலக்கறைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தீர்கள். செத்து இரண்டு வருஷம் கழித்தும் உங்கள்மேல் கோபம்தான் முதலில் வந்தது. அப்புறம்தான் அழுதேன்.

இலங்கைச் சண்டைக்குப் போய்வந்த நம் பக்கத்துப் பட்டாளத்துக்காரர்களைப் படம் எடுக்கிறேன் என்று அந்த மதுரைத் தம்பி சுருளிப்பட்டிக்கு வந்து ஆறு வருஷமாகிறது. யார் கேட்டாலும் "அங்கன நல்ல மழை" என்பதோடு முடித்துக்கொள்கிற மனுஷன் நீங்கள். அன்றைக்கு அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டீர்கள். "இந்தப் படத்த அந்த ஊரு சனங்க பாப்பாகளா?" பார்ப்பார்கள் என்றார். உட்கார்ந்துவிட்டீர்கள்.

அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று நானும் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். அங்கே உங்கள் பட்டாளக் கூட்டத்தில் தமிழ் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். பாதை காட்ட ஆள் வேண்டுமென்று ஒரு வீட்டு வாசலில் நின்றீர்கள். பதினாறு வயசுப் பையன். அவன் அம்மா அவன் கையை விடவில்லை. நீங்கள்தான் பேசினீர்கள்.

"பயப்படாதீகம்மா. சாயங்காலம் வந்துருவான். நானே கூட்டியாரேன்."

கையை விட்டாள். முன்வண்டியில் அவன், பின்வண்டியில் நீங்கள். மண்ணுக்குள் புதைத்திருந்த குண்டு வெடித்ததில் முன்வண்டியில் யாரும் மிஞ்சவில்லை. நீங்கள் அந்த வீட்டுக்குத் திரும்பப் போகவே இல்லை.

"போயிருக்கலாம். பயந்துட்டேன்" என்றீர்கள். "நான் தமிழ் பேசுற புள்ளன்னு நம்பித்தான் தம்பி அந்தம்மா அனுப்புச்சு. இன்னமும் வாசலப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கும். இதப் பாத்தா, காத்திருக்கிறத விட்டுரும்." பிறகு கேமராவைப் பார்த்து ஊர்ப் பேர், பையன் பேர், வீட்டு அடையாளம் எல்லாவற்றையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னீர்கள்.

மகளுக்கு வடுகபட்டியில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்த நேரம். பிள்ளையைக் கூட்டிப்போய்ச் சாக விட்டவர் வீட்டில் யார் பெண் எடுப்பார்கள் என்றுதான் என் புத்தி ஓடியது. நீங்கள் மோட்டார் போடப் போனதும் அந்தத் தம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்த ஒன்ன மட்டும் படத்துல இருந்து எடுத்துருங்க தம்பி. ஒங்க கால்ல வேணும்னாலும் விழுகுறேன்."

"அய்யாகிட்ட?"

"நான் சொல்லிக்கிறேன்."

சொல்லவில்லை. மகள் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. நான்கு வருஷம், போன் அடிக்கும்போதெல்லாம் "படம் வந்துருச்சாமா?" என்று கேட்டீர்கள். தேனி ஆஸ்பத்திரியில், பேச்சுக் குழறிய பிறகும் கேட்டீர்கள். படம் அப்போது முடியவே இல்லை. "வந்துருச்சுங்க. அங்கன எல்லாரும் பாத்துட்டாகளாம்" என்றேன். என் கையைப் பிடித்து அழுத்தினீர்கள். அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கரைப்பேன்?

இந்த சிடியில் நீங்கள் மழையைப் பற்றியும் அங்கே சாப்பிட்ட சோற்றைப் பற்றியும் பேசுகிறீர்கள். நாலு நிமிஷம் இருக்கும். அதற்குள் அடுத்த ஆள் வந்துவிடுகிறார்.

உடனே அந்தத் தம்பிக்குப் போன் போட்டேன். எடுத்ததைத் திரும்பச் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். அந்த கேசட்டில் வேறு எதையோ பதிந்துவிட்டார்களாம்.

"ஊர்ப் பேராவது ஞாபகம் இருக்கா தம்பி?"

"இல்லம்மா. ஒங்களுக்கு?"

எனக்கும் இல்லை. நீங்கள் சொல்லச் சொல்ல நான் கல்யாணக் கணக்கில் நின்றேன். ஒரு பேர்கூட மனசில் ஏறவில்லை.

போன வருஷம் அங்கே சண்டை முடிந்ததென்று டிவியில் முகாம்களைக் காட்டினார்கள். கம்பிவேலிக்குப் பின்னால் வயசான பெண்கள் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அந்த அம்மா அவர்களில் ஒருத்தியாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அவள் பிள்ளை வரமாட்டான் என்பது எனக்குத் தெரியும். அவள் யாரென்றுதான் தெரியவில்லை.