செவ்வாய் பழைய படம், வெள்ளி புதுப் படம்

அன்புள்ள மகள் சின்னோவே,

நீயும் உன் பண்ணை மீன்களும் அங்கே சிலியில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன், நான் இங்கே சுகம், முழங்கால் மட்டும் மழைக்கு முன்னாலேயே எனக்குச் சேதி சொல்லிவிடுகிறது, மற்றபடி சாப்பாடு இறங்குகிறது, தூக்கம் வருகிறது, மாத்திரையை மறக்காமல் போடுகிறேன். ஞாயிறுதோறும் போனில் முகம் பார்த்துப் பேசுகிற அப்பா எதற்குத் திடீரென்று கடிதம் எழுதுகிறார் என்று பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றுமில்லை. போனில் சொன்னால் என் முகத்தைப் பார்த்தே பாதிக் கதையை நீயாக முடித்துவிடுவாய், உன் அம்மாவிடமிருந்து வந்த பழக்கம் அது. எனக்கே இன்னும் சரியாகப் புரியாத ஒரு விஷயம் இது, எழுதிப் பார்த்தாலாவது புரிகிறதா என்று பார்க்கிறேன்.

எல்லாம் கோடையில் நீ வாங்கி மாட்டிவிட்டுப் போன பெரிய டிவியில்தான் ஆரம்பித்தது. நீ கிளம்பின மறுவாரமே படங்களெல்லாம் காணாமல் போய், கறுப்புத் திரையில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டுத் தோர்டிஸைக் கூப்பிட்டேன், புருஷன் ஆர்ன்ட் போனதிலிருந்து அவளும் தனியாகத்தானே இருக்கிறாள், பேரப்பிள்ளைகள் அவளுக்கு இந்த வித்தையெல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வந்தாள், எதையோ பிடுங்கினாள், மறுபடி செருகினாள், வட்டம் போய்விட்டது. வந்ததுதான் வந்தோம் என்று உட்கார்ந்து ஒரு படத்தையும் பார்த்துவிட்டுப் போனாள். அதிலிருந்து அப்படியே வழக்கமாகிவிட்டது, செவ்வாய்க்கிழமை என் முறை, பழைய படம், நான் வாஃபிள் சுட்டு வைப்பேன். வெள்ளிக்கிழமை அவள் முறை, புதுப் படம், அவள் டாக்கோ கொண்டுவருவாள், இறைச்சியை வைத்து மடித்த மொறுமொறு ரொட்டி. அதை எப்படிப் பிடித்துத் தின்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, பாதி மடியில்தான் விழுகிறது.

படங்களைப் பற்றி என் அபிப்பிராயத்தைக் கேட்டாயே, சொல்கிறேன். புதுப் படம் எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை. முதலில் வெளிச்சமே இல்லை, ஏதோ மின்கட்டணத்துக்குப் பயந்து எடுத்த மாதிரி. நம் ஊர் ஆட்கள்தான் பேசுகிறார்கள், நம் பாஷைதான், ஆனாலும் கீழே எழுத்துப் போட்டால்தான் விளங்குகிறது, ஒருத்தரும் வாயைத் திறந்து பேசுவதில்லை. ஒரு போலீஸ் படம் போட்டாள், முதல் காட்சியிலேயே ஒருவன் பனியில் செத்துக் கிடக்கிறான், கொஞ்ச நேரம் கழித்து அவனே அடுக்களையில் உட்கார்ந்து காபி குடிக்கிறான். இவன்தான் செத்துட்டானே, எப்படிக் காபி குடிக்கிறான் என்றேன். "இது முன்னாடி நடந்தது" என்றாள். எதுக்கு முன்னாடி என்றேன். "அவன் சாகுறதுக்கு முன்னாடி, மனுஷா!" என்றாள். முன்னாடி நடந்ததை முன்னாடியே காட்ட வேண்டியதுதானே என்று கேட்டதற்கு, "நீ வாயை மூடிக்கிட்டுப் பாத்தா எல்லாம் புரியும்" என்றாள். மூடிக்கொண்டுதான் பார்த்தேன், அந்தப் படத்தில் வந்த அக்கா தங்கை இருவரில் யார் அக்கா, யார் தங்கை என்பது கடைசிவரை பிடிபடவில்லை, இரண்டு பேருக்கும் ஒரே தலைமயிர், ஒரே கோட்டு.

பழைய படம் என்றால் அப்படியில்லை, நல்லவன் யார், கெட்டவன் யார் என்று தொப்பியைப் பார்த்தாலே தெரியும் என்று நினைத்திருந்தேன். அதிலும் இப்போது குழப்பம்தான். கறுப்பு வெள்ளையில் ஒரு படம், கப்பல்துறையில் நீராவிக் கப்பல் புறப்படத் தயாராக நிற்கிறது, அவன் மேல்தளத்தில் நிற்கிறான், அவள் கரையில் நிற்கிறாள், ஒரு வார்த்தை பேசாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், பிறகு கப்பல் கிளம்பிச் சின்னப் புள்ளியாகிவிடும். நான் ஒவ்வொரு தடவையும் கைக்குட்டையை எடுத்துவிடுவேன். தோர்டிஸ் வாஃபிளைக் கையில் வைத்துக்கொண்டு கத்துகிறாள், "ஏன்டி நின்னுட்டு இருக்க, ஏறித் தொலைய வேண்டியதுதானே! ஏறுற பலகையைக்கூட இன்னும் எடுக்கல!" அது சோகப் படம் தோர்டிஸ் என்றேன். "சோகம் இல்ல, சோம்பேறித்தனம்" என்றாள். நானும் எத்தனையோ வருஷம் படகுத்துறையில் கயிறு கட்டியவன்தான், யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது சரி, கப்பல் நகரும்வரை அந்தப் பலகை அங்கேயேதான் இருக்கிறது, அந்தப் பெண் தாராளமாக ஏறியிருக்கலாம். இனி அந்தப் படத்தை என்னால் அழுதுகொண்டு பார்க்க முடியாது.

இன்னொரு செவ்வாய் ஒரு சிரிப்புப் படம் போட்டேன், இளவயதில் ஊர்மண்டபத்தில் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தது. இப்போது பார்த்தால் கதாநாயகன் அந்தப் பெண்ணைத் துரத்துகிறான், அவள் கன்னத்தில் ஓர் அறை வைக்கிறான், உடனே அவளுக்குக் காதல் வந்துவிடுகிறது. தோர்டிஸ் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. "இதுக்கா அப்போ சிரிச்சோம்?" என்று கேட்டாள். தெரியலையே என்றேன். படம் அதேதான், ஒரு காட்சிகூட மாறவில்லை. பாதியில் நிறுத்திவிட்டு இருவரும் வாஃபிளில் தடவ அவள் கொண்டுவந்த பழ முரப்பாவைத் தின்றுகொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இனிமேல்தான் விஷயம். மத்தியானம் மூன்று மணிக்கே இருட்டிவிடும் மாதம் வந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை அவள் ஒரு புதுப் படம் போட்டாள். ஒரு கிழவன், ஒரு கிழவி, ஆளுக்கொரு நாய். தினமும் பூங்காவில் ஒரே பெஞ்சில் வந்து உட்காருகிறார்கள், நாயைப் பற்றிப் பேசுகிறார்கள், காற்றைப் பற்றிப் பேசுகிறார்கள், எழுந்து போகிறார்கள். கடைசியில் பெஞ்சு காலியாக இருக்கிறது, அதோடு பெயர்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. என்ன ஆச்சு, யாராவது செத்துட்டாங்களா என்றேன். "அந்த மனுஷன் வாயைத் திறந்து கேட்டிருந்தா அரைமணி நேரத்துல படம் முடிஞ்சிருக்கும்" என்றாள், திரையைப் பார்த்துக்கொண்டே. அப்போ மீதி நேரம் என்ன பண்றது என்று கேட்டேன், நல்ல நகைச்சுவை என்றுதான் நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. கம்பளியை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, த்ரொண்ஹைம் நகரத்தில் இருக்கிற மகன் ஐவின் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே அம்மாவுக்கு ஒரு ஃபிளாட் பார்த்திருப்பதாகச் சொன்னாள், இந்த வீட்டை விற்றுவிட்டு வரச் சொல்கிறானாம், புதுக் கட்டிடம், லிஃப்ட் எல்லாம் உண்டாம். "நீ என்ன நினைக்கிற, ஹால்வர்?" என்று கேட்டாள். லிஃப்ட் இருந்தால் முழங்காலுக்கு நல்லதுதான் என்றேன். சின்னோவே, என்னிடம் கேட்ட கேள்விக்கு நான் நேர்மையாகப் பதில் சொன்னேன், எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. அவள் கம்பளியை மடித்து வைத்தாள், "ஆமா, முழங்காலுக்கு நல்லதுதான்" என்றாள், டாக்கோ பாத்திரத்தைக்கூட எடுக்காமல் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை வரவில்லை, தலைவலி என்றாள். வெள்ளிக்கிழமை வேலை இருக்கிறது என்றாள், என்ன வேலை என்று சொல்லவில்லை. நான் வாஃபிளைச் சுட்டு வைத்துவிட்டு நானே தின்றேன். பாத்திரத்தைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன், வாசலிலேயே வாங்கிக்கொண்டு நன்றி என்றாள், ஏதோ தபால்காரரிடம் சொல்கிற மாதிரி. அவளுக்கு என்ன கோபம் என்று எனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. அப்புறம் ஒருநாள் பால் வாங்கப் போனபோது கடைக்காரி கெர்ட் சொல்கிறாள், தோர்டிஸ் வீட்டைப் பார்க்கத் தெற்கேயிருந்து யாரோ கணவன் மனைவி வந்து, அறை அறையாகப் படம் எடுத்துக்கொண்டு போனார்களாம். எனக்கு யாரும் சொல்லலையே என்றேன். "உனக்குத் தெரியாதா? நீதான் லிஃப்ட் நல்லதுன்னு சொன்னியாமே" என்றாள் கெர்ட், சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள், மாடு வழிதவறி வந்து நின்றால் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. பாலை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் அந்தப் போலீஸ் படத்தையே மறுபடி போட்டேன், இந்தத் தடவையாவது அக்கா தங்கையைக் கண்டுபிடிக்கலாம் என்று. பாதியில் நிறுத்தி, இது யாரு என்று கேட்கத் திரும்பினேன். பக்கத்து நாற்காலியில் யாருமில்லை. உன் அம்மா போன பிறகு எத்தனையோ தடவை அப்படித் திரும்பியிருக்கிறேன், உனக்குத் தெரியும், ஆனால் அன்று நான் திரும்பியது உன் அம்மாவைத் தேடி அல்ல. அது எனக்குத் திக்கென்று ஆகிவிட்டது. நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை, எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டேன், காற்று ஆளைத் தள்ளியது, படகுப் போக்குவரத்தையே நிறுத்தியிருந்தார்கள், எப்படியோ போய் அவள் கதவைத் தட்டிவிட்டேன்.

கதவைத் திறந்து, "என்ன வேணும்?" என்றாள். அந்தப் படத்துல அக்கா யாரு, தங்கச்சி யாருன்னு புரியல என்றேன். "அதுக்கா இந்தக் காத்துல வந்த?" என்றாள். ஆமாம் என்றேன். பிறகு இல்லை என்றேன். லிஃப்ட் பத்திச் சொன்னது தப்பு என்றேன். "லிஃப்ட்ல என்ன தப்பு?" என்றாள், கையைக் கட்டிக்கொண்டு. லிஃப்ட் நல்லதுதான், நீ போறதுதான் நல்லா இல்ல, என்றேன். மூக்கிலிருந்து தண்ணீர் வேறு ஒழுகிக்கொண்டிருந்தது. அவள் என் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெஞ்சுப் படம் முழுவதும் ஓடி முடிந்த மாதிரி இருந்தது எனக்கு. கடைசியில், "இதைச் சொல்ல உனக்கு இவ்வளவு நாளாச்சா? உள்ள வா, கதவைச் சாத்து, சூடெல்லாம் வெளிய போகுது" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு காபி போடப் போனாள், ஆனால் காபிப்பொடியைப் பால் பாத்திரத்தில் போட்டுவிட்டாள், நான் பார்த்துவிட்டேன்.

சரி, புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு மறுநாளே நல்ல சட்டை போட்டுக்கொண்டு போய், கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டேன். இருமல் வரும்வரை சிரித்தாள். "கல்யாணமா? இந்த வயசுல உன் கம்பளி சாக்ஸைத் துவைக்கிறதுக்கா? என் வீடு எனக்கு, உன் வீடு உனக்கு. சாப்பாடு சேர்ந்து, படம் சேர்ந்து." அப்போ நாம யாரு என்று கேட்டேன். "நீ ஹால்வர், நான் தோர்டிஸ். இதுல என்ன சந்தேகம்?" என்றாள். மறுபடி குழம்பிப்போனேன். தெற்கேயிருந்து வந்தவர்களுக்கு வீடு விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டாள். ஐவின் எனக்குப் போன் செய்து, வக்கீல் மாதிரி நிதானமாக, "நீங்க அம்மாவைப் பாத்துப்பீங்களா?" என்று கேட்டான், அவள் போனைப் பிடுங்கி, "யாரு யாரைப் பாத்துக்கணும்னு இங்க வந்து பாரு, இவருக்கு டிவி போடவே தெரியாது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவின் கல்லறைக்குப் போனேன். பனியைத் தள்ளிவிட்டு விளக்கு ஏற்றினேன், ஏதாவது சொல்ல வேண்டும் என்று நின்றேன், ஆஸ்லௌக் என்று பெயரைச் சொன்னதோடு சரி. தேவாலயப் பாட்டுக்குழுவில் அவளும் தோர்டிஸும் பக்கத்துப் பக்கத்தில் நின்று பாடியவர்கள், தோர்டிஸ் சுருதி தப்புகிறாள் என்று உன் அம்மா வீட்டுக்கு வந்து சிரிப்பாள், அது நினைவுக்கு வந்தது, நானும் சிரித்துவிட்டேன். கல்லறையில் நின்று சிரிக்கலாமா, கூடாதா? தெரியவில்லை. உனக்கு இது வருத்தமாக இருக்குமோ என்பதுதான் எனக்குப் பெரிய கவலை, மற்றவர்கள் என்ன சொன்னாலும் தாங்கிக்கொள்வேன். உன் அம்மாவின் படம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, தோர்டிஸ்தான் அதைத் துடைத்து வைத்தாள். உனக்குப் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று நேராக எழுது, கோபித்துக்கொள்ள மாட்டேன், ஆனால் போனில் வரும் அந்த மஞ்சள் மூஞ்சிகளை மட்டும் அனுப்பாதே, அது அழுகிறதா சிரிக்கிறதா என்று எனக்குத் தெரிவதில்லை.

கடல் கொந்தளிக்கும் நாளில் மீன் கூண்டுகளுக்குப் போகாதே, மீன் ஒருநாள் பட்டினி கிடந்தால் செத்துவிடாது. போனால் மிதவைச் சட்டையைப் போட்டு வாரை இழுத்துக் கட்டு. நேரத்துக்குச் சாப்பிடு. அந்தப் படக் கம்பெனியின் கடவுச்சொல்லை எனக்கு மறுபடி அனுப்பு, எழுதி வைத்த காகிதத்தில் டாக்கோ குழம்பு கொட்டிவிட்டது. நீ எங்கே இருந்தாலும் உன் கால் படும் இடம் உறுதியாக இருக்கட்டும், நல்ல மனிதர்கள் உன்னைச் சுற்றி இருக்கட்டும், ஆண்டவர் உன்னைக் காக்கட்டும்.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்,
அப்பா ஹால்வர்

பி.கு. உறையை ஒட்டிவிட்டு மறுபடி பிரித்து எழுதுகிறேன். நேற்று செவ்வாய், பழைய படம், இந்தத் தடவை குதிரையும் துப்பாக்கியும், எல்லோரும் கடைசியில் செத்துப்போனார்கள், இருவருக்கும் பிடித்திருந்தது. காலையில் பார்த்தால் வாசற்படியில் தோர்டிஸ் வீட்டுக்குள்ளே போடும் செருப்பு, வரும்போதெல்லாம் பையில் போட்டுக் கொண்டுவந்து, போகும்போது பையில் போட்டு எடுத்துப் போவாளே, அது. தபால் பெட்டிக்குப் போகிற வழியில் கொடுத்துவிடலாம் என்று கொண்டுபோய், மறந்துட்டுப் போயிட்டியே என்று நீட்டினேன். என்னையும் செருப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். "மறக்கல, மடையா. அங்கேயே கிடக்கட்டும்னு வச்சிட்டு வந்தேன்" என்றாள். திரும்பக் கொண்டுவந்து என் செருப்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.