மதினி கேட்டு வாங்கிய ஸ்பீக்கர்

மதினி,

நேற்று பதுளைக் கடையில் என் முன்னால் ஒரு புது ஸ்பீக்கர் பெட்டியைப் பிரித்தார்கள். பஞ்சும் பிளாஸ்டிக்கும் கலந்த அந்தப் புது வாடை முகத்தில் அடித்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். முதலாளிக்கு நம்மை ஞாபகம் இருந்தது.

"அன்னைக்கு ஒங்களோட ஒரு அக்கா வந்தாங்களே, கடையில இருக்குற எல்லா ஸ்பீக்கரையும் போட வச்சுக் கேட்டாங்களே, அவங்க வரலீங்களா?"

வரவில்லை என்று மட்டும் சொன்னேன்.

குவைத்தில் நீங்கள் வேலை பார்த்த வீட்டுப் பெண், பாட்டோடு பாட்டைக் கலந்து வாசிப்பாள் என்பீர்கள். அவள் அறையைத் துடைக்கப் போகும்போதெல்லாம் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டீர்கள். ஊருக்குத் திரும்பும்போது அவள் தந்த, பாட்டைக் கலக்கும் பழைய டிஜே கன்ட்ரோலரைச் சேலைகளுக்கு நடுவே பொத்திக் கொண்டுவந்தீர்கள். கொழுந்து பறிக்கிறவளுக்கு டிஜே எதற்கு என்று தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகள், நம் லயமே சிரித்தது. கொஞ்ச காலம் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு தனியாகப் பழகினீர்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணனின் ஆட்டோவில் மூன்று பேரும் ஸ்பீக்கர் வாங்கப் போனோம்.

முதலாளி இடுப்புயரப் பெட்டி ஒன்றைக் காட்டினார். "கோயில் திருவிழாவுக்கே போதும்மா இது."

"திருவிழாவுக்கு இல்லீங்க. பத்துக்குப் பன்னெண்டு காம்பிராவுக்கு. சுவத்துக்கு அந்தப் பக்கம் பச்சப்புள்ள தூங்குது" என்றீர்கள்.

உங்கள் போனில் இருந்த ஒரு பாட்டையே ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் போடச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டீர்கள். பிறகு ஒவ்வொன்றையும் திருப்பி முதுகைப் பார்த்தீர்கள். காற்று வெளியேறும் ஓட்டை பின்பக்கம் இருந்தால் வேண்டாம் என்று ஒதுக்கினீர்கள். நம் ஒற்றை அறைக் காம்பிராவில் எதை வைத்தாலும் சுவரை ஒட்டித்தான் வைக்க வேண்டும், பின்னால் ஓட்டை இருந்தால் பேஸ் சுவரில் மோதிக் கும்மென்று குழம்பிவிடும் என்று எனக்கு விளக்கினீர்கள். கடைசியில் ஓட்டை முன்னால் உள்ள சின்ன ஜோடி ஒன்றை எடுத்தீர்கள். "சத்தம் பெருசா இருந்தா போதாது புள்ள. மேளம் தனியா, பாடுறவ கொரல் தனியா காதுல விழணும்."

ஞாயிறு சாயங்காலங்களில் நீங்கள் வாசிக்க, இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் அண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். அதிகம் பேசாத மனிதர், அப்போது மட்டும் தொடையில் தாளம் போடுவார்.

மலையில் குளவி கொட்டி நீங்கள் போன அன்று, அவர் ஆட்டோவில் ஆள் ஏற்றிக்கொண்டு பதுளைக்கு ஹயர் போயிருந்தார். உங்களைக் கம்பளியில் கிடத்தி ரோட்டுக்குத் தூக்கி வந்தோம். ஒரு வண்டி இல்லை. போன் போட்டதும் பறந்து வந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே நீங்கள் போய்விட்டீர்கள். ஊருக்கெல்லாம் ஆட்டோ ஓட்டியவர், அதன் பிறகு அதைத் தொடவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் அவர் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு பாட்டைப் போட்டு, கன்ட்ரோலரில் எல்லாக் குமிழையும் முழுக்கத் திருகிவிட்டார். தகரக் கூரை அதிர்ந்தது. பக்கத்துக் காம்பிராக்காரர்கள் வாசலில் நின்று அழுதார்களே தவிர, யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. சத்தம் தாங்காமல் ஒரு ஸ்பீக்கருக்குள் அதிரும் காகிதக் கோன் கிழிந்தது. அன்றிலிருந்து எந்தப் பாட்டைப் போட்டாலும் அதில் 'ங்ங்ங்' என்ற இரைச்சல்தான்.

கிழிந்ததை அவர் அணைக்கவில்லை, மதினி. தினமும் சாயங்காலம் அதைப் போட்டு, காதை அதன் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். சோறு ஆறிப்போகும். ஒருநாள் தாங்காமல் கேட்டுவிட்டேன்.

"அவ கடைசியா கேட்டது குளவி போடுற இந்தச் சத்தந்தான் புள்ள. நானும் கேக்குறேன்" என்றார்.

நாளுக்கு நாள் ஆள் கரைந்துகொண்டிருந்தார். உங்களுக்குப் பின்னால் அவரும் போய்விடுவார் என்ற பயத்தில்தான் நேற்று கடைக்கு ஓடினேன். அதே ஸ்பீக்கர் இப்போது வருவதில்லையாம். "ஒண்ண மட்டும் மாத்துனா ரெண்டும் ரெண்டு விதமாப் பேசும்மா, ஜோடியா எடுங்க" என்றார் முதலாளி. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன், திருப்பிப் பார்த்தேன். உங்களைப் போலத்தான் எல்லாம் செய்தேன். ஆனால் அழுகையில் எனக்கு எதுவும் சரியாகக் கேட்கவில்லை.

வீட்டில் அந்த இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியைப் பார்த்ததும் அண்ணன் எழுந்து குறுக்கே நின்றார். "அதத் தொடாத."

"போதும்ணே, நிறுத்துங்க."

"ஒனக்கு என்ன தெரியும்?"

"எனக்குத் தெரியாதா? நானும் அங்கதான் இருந்தேன்! அந்தச் சத்தத்த நானும் கேட்டேன்!"

லயம் முழுக்கக் கேட்கும்படி கத்திவிட்டேன். நீங்கள் போனதிலிருந்து என் முகத்தைப் பார்க்காதவர் நேற்றுத்தான் பார்த்தார். மெதுவாகக் கேட்டார். "அங்க என்னதான் நடந்துச்சு?"

அதுவரை அவர் கேட்கவில்லை. நானாகச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. நேற்று சொன்னேன். காற்றில் கிளை முறிந்து குளவிக்கூடு கலைந்ததைச் சொன்னேன். எல்லோரும் கூடையை வீசிவிட்டு ஓடியபோது நான் தடுக்கிக் குப்புற விழுந்ததையும், முன்னால் ஓடிக்கொண்டிருந்த நீங்கள் திரும்பி வந்ததையும் சொன்னேன். நீங்கள் இடுப்பில் சுற்றியிருந்த கெட்டிப் படங்குத் துணியை அவிழ்த்து என்மேல் போர்த்தி, அதன்மேல் நீங்கள் கவிழ்ந்து படுத்துக்கொண்டீர்கள். "அசையாத புள்ள, அசையாத." முடிந்தவரை அதையே சொன்னீர்கள்.

"நீ என்ன செஞ்ச?"

"அடியில கெடந்து 'மதினி, மதினி'ன்னு கூப்புட்டுக்கிட்டே இருந்தேன்ணே."

அண்ணன் திரும்பி அந்த ஸ்பீக்கரைப் பார்த்தார். பிறகு, "அப்ப அவ கடைசியா கேட்டது ஒன் கொரல்" என்றார். போய் அவரே சுவிட்சை அணைத்தார். உட்கார்ந்து, என் முதுகில் கையை வைத்துக்கொண்டு, சத்தம் போட்டு அழுதார்.

புது ஸ்பீக்கர்களை இன்னும் மாட்டவில்லை. யார் வாசிப்பது? இன்று காலையும் அதே மலைக்குத்தான் போனேன். போகாவிட்டால் அடுப்பு எரியாது. செடியில் குனியும்போதெல்லாம் முதுகில் உங்கள் பாரம் தெரிகிறது, மதினி. நிமிர்ந்தால் அது இறங்கிவிடுமோ என்ற பயத்தில், இடுப்பு நொந்தாலும் குனிந்தபடியே பறிக்கிறேன்.