சமையல் மேடையின் உயரம்

நவ. 4, திங்கள்
சிங்கப்பூர் முழுக்க விடிந்ததிலிருந்து மழை. ஆபீசில் ஏசி வேறு.
செய்ய வேண்டியவை: தேக்கா துணிக்கடைக்கு வண்ண மாதிரி. சனிக்கிழமைப் பேச்சு (புது வீடு வாங்கியவர்களுக்கு, உள்வடிவமைப்பின் அடிப்படைகள்). அத்தா வீட்டுக் கிச்சன் இன்று முடிகிறது, கான்ட்ராக்டருக்குப் போன்.
அம்மா இறந்ததிலிருந்து இப்படித்தான். அழுகை இல்லை, பசியும் இல்லை. வேலை மட்டும் நடக்கிறது.
தம்பி போன். "செம்பவாங் வீட்டை வித்துடலாம்க்கா. அத்தா எங்ககூட வந்துடட்டும். தனியா என்ன பண்ணுவாரு?"
பெற்ற பிள்ளைகளிடம்கூட அத்தா பிடி கொடுக்கவில்லை. புதுக் கிச்சனில் சமைத்துப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை சொல்கிறாராம். வாழ்நாளில் தண்ணீர் சுடவைத்ததோடு சரி, அவர்.

நவ. 6, புதன்
துணிக்கடை அம்மாள்: "பளிச்சுனு வெள்ளையா இருக்கணும். ஆனா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கக் கூடாது லா."
சரி என்றேன். முன்பென்றால் மல்லுக்கு நின்றிருப்பேன். மாதிரி அட்டைகளை விரித்தேன், எல்லாம் ஒரே நிறமாகத் தெரிந்தது.
தேக்காவில் பிரியாணி. பாதி மிச்சம்.
பேச்சுக்குக் குறிப்பு:
இடம் – காலியாக விடுவதும் வேலைதான்.
கோடு – நின்றால் கூரை உயரும், படுத்தால் அறை அகலும்.
ஒளி – முதலில் ஜன்னல், அப்புறம்தான் விளக்கு.
நிறம் – பிறகு எழுதலாம்.

நவ. 9, சனி
வெயில். பேச்சு முடிந்தது. கைதட்டினார்கள். ஒரு இளம் ஜோடி, அந்தப் பெண் கேட்டாள்: "அக்கா, கிச்சன் மேடை எவ்வளவு ஹைட் வைக்கலாம்?"
"யாரு அதிகம் சமைப்பீங்களோ அவங்க முழங்கைக்குக் கொஞ்சம் கீழே."
அவள் கணவனைக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும்.
அங்கிருந்து நேரே செம்பவாங். அத்தா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். முதுகு வளைந்து, தலை கிட்டத்தட்ட பலகைக்கு மேல். வாசலிலேயே நின்றுவிட்டேன். மேடை அவர் இடுப்புக்கும் கீழே கிடந்தது.
அம்மா என் தோள் உயரம்கூட இல்லை. மேடை அவளுக்கானது.
அவள் போன பிறகு இதை வரைந்தது நான். சரிபார்த்தது நான். "ரொம்ப லோவா இருக்கே, ஓகேவா?" என்று கான்ட்ராக்டர் வாட்ஸ்அப்பில் கேட்டதற்குக் கட்டை விரல் போட்டதும் நான். யாருக்கு வரைகிறோம் என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை. பத்து வருட அனுபவமாம்.
அத்தாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. பருப்பு நன்றாக இருந்தது.

நவ. 10, ஞாயிறு
மீண்டும் மழை. தம்பியும் வந்திருந்தான். சொல்லிவிட்டேன்.
"அத்தா, தப்பா வரைஞ்சுட்டேன். அம்மா உயரத்துக்கு வச்சுட்டேன்."
அத்தா மேடையை ஒருமுறை கையால் தடவினார். அப்படியே இருக்கட்டும் என்பார் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். அதுதான் உண்மை.
"உசத்திடும்மா," என்றார். "அவ இனிமே வர மாட்டா. நான்தானே இங்க தினம் நிக்கணும். முதுகு வலிக்குது."
தம்பி மேடையிலிருந்த பாத்திரங்களை எடுத்து ஒதுக்கி வைத்தான்.
டேப்பை எடுத்தேன். நேராக நிற்கச் சொல்லி அத்தாவின் முழங்கையிலிருந்து தரைவரை பிடித்தேன். என்னால் எண்ணைப் படிக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன், அழுகை நிற்கவே இல்லை. கடைசியில் தம்பிதான் குனிந்து படித்தான்.