கத்தரிக்கோலைத் தேட வேண்டாம்

ஏங்க, கப்பைக் கிழங்கை அவிச்சு கருவாட்டுக் குழம்பு வச்சிருக்கேன். ஃபேக்டரியில இருந்து வந்ததும் கத்தரிக்கோலைத் தேட வேண்டாம். தேயிலைக் கொழுந்தெடுக்கப் போறப்ப என் பையில போட்டுக்கிட்டேன். நம்ம கிளி மின்னுவோட றெக்கையை வெட்ட விடமாட்டேன்.

இந்த எஸ்டேட் லயத்துல வரிசை வீடுகளுக்கு நடுச்சுவரு கூரை வரைக்கும் இல்ல, அதனால அது பறந்து அடுத்த வீட்டுக்குப் போகுது. அது உங்க தம்பி ஜெகன் வீடுங்கிறதுதான உங்க கோவம்? அண்ணனும் தம்பியும் ஆறு மாசமா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு இருந்தா, அதுக்குக் கிளி என்ன பண்ணும்? ஜெகன் பொரி குடுக்குறாரு, தின்னுட்டு வருது.

இப்பவும் அங்கதான் இருக்கு. நீங்க கூப்பிட்டாத்தான் வரும். வாசல்ல நின்னு விசிலடிக்காம, உள்ள போயிக் கூப்பிடுங்க.

சிவசங்கரி

எழுத விட்டுப்போச்சு. வீட்டைப் பூட்டிட்டு, பூட்டுல இந்தச் சீட்டைத்தான் சொருகியிருக்கேன். சாவி ஜெகன்கிட்ட இருக்கு.