ஒரு விலாசத்துக்கு ஒரு கார்டு

1.6.1997, ஞாயிறு

பாட்டுப் போட்டி இன்று ஆரம்பம். பாலவனத்தத்துக்கு கேபிள் வந்ததில் உருப்படியான காரியம் இது ஒன்றுதான். நாகர்கோவில் பெண் அஷ்லின், சர்ச்சில் பாடிப் பழகியவளாம். மெல்லிய குரல், ஒரு இடத்தில்கூடச் சுருதி விலகவில்லை. சென்னைப் பெண் ஒருத்தி பாட்டைவிட வளையலைத்தான் அதிகம் காட்டினாள். அப்புறம் பூமிநாதன் என்று தேனிப் பக்கத்து ஆள், செங்கல் சூளையில் வேலையாம். தொண்டை கட்டியவன் சந்தையில் கூவுகிற மாதிரி இருந்தது. முதல் வாரமே அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். வைத்துக்கொண்டார்கள்!

தனியாகத்தான் பார்த்தேன். இவருக்கு உரக்கடையில் ஞாயிறும் கிடையாது. அத்தை அடுப்படியை விட்டு வரவில்லை. டிவி என் சீரோடு வந்தது, அதனாலேயே அதன் எதிரில் உட்கார மாட்டார்.

4.6.97

கல்யாணமாகி மூன்று மாதம். தங்கச்செல்வி என்று எனக்கு ஒரு பெயர் இருப்பதே மறந்துவிடும் போலிருக்கிறது. அத்தை ஒரு தடவைகூட என்னைக் கூப்பிடவில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதை மகனிடம் சொல்கிறார். மகன் இல்லாவிட்டால் பூனையிடம். "கொழம்புல உப்புக் கூடிப்போச்சுன்னு இங்க யாருக்குத் தெரியுது" என்று இன்று பூனைக்குச் சொன்னார்.

அத்தையின் அண்ணன் மகள் செல்லக்கிளியைத்தான் இந்த வீட்டுக்கு எடுப்பதாக இருந்ததாம். இவர்தான் பிடிவாதமாகப் பந்தல்குடிக்கு வந்து என்னைக் கட்டினார். அதற்கு நான் என்ன செய்ய? என்னத்தச் செய்ய?

15.6.97, ஞாயிறு

பூமிநாதன் பாடும்போது அடுப்படியில் முறத்தின் சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தேன். அத்தை முறத்தை மடியில் வைத்தபடி அப்படியே இருந்தார். பாட்டு முடிந்ததும், "வெயில்ல வேல பாத்த தொண்டை" என்றார், பூனையிடம்.

அவன் இரண்டாவது சரணத்தில் மூச்சு வாங்கினான். எனக்கு வாய் சும்மா இருக்காதே. நானும் பூனையிடமே, "சுருதி போச்சே" என்றேன். பூனை எழுந்து போய்விட்டது.

29.6.97, ஞாயிறு

அத்தை நிலைப்படியில் வந்து உட்கார்ந்தார்! உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. அஷ்லின் பாடி முடித்ததும், "நல்லாத்தான் பாடுது. ஆனா பயந்து பயந்து பாடுது" என்றார். திரும்பிப் பார்த்தேன். பூனை இல்லை.

அப்படியென்றால் யாரிடம் சொன்னார்?

பயமில்லை, அது பதவிசு, சுருதி ஒரு இடத்திலும் விலகாது என்று நானும் பொதுவாகச் சொல்லிவைத்தேன். அத்தை எழுந்து போகவில்லை.

13.7.97, ஞாயிறு

மூன்று பேர் மிச்சம்: சென்னைப் பெண், அஷ்லின், பூமிநாதன். இனி நேயர்களும் கார்டில் பெயர் எழுதிப் போடலாமாம். ஒரு விலாசத்துக்கு ஒரு கார்டு. இரண்டு வந்தால் இரண்டும் செல்லாது. இதை அறிவிக்கும்போது அத்தை வாசலில் பால்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். நாளைக்கே கார்டு வாங்க வேண்டும். அஷ்லின், அஷ்லின், அஷ்லின்.

14.7.97

கார்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன். அத்தை எதிரில் வந்து நின்றார்.

"எனக்கு எழுதத் தெரியாது. அந்தப் பூமிநாதன் பேரச் சொன்னா நீ எழுதுவியா?"

என்னிடம். என் முகத்தைப் பார்த்து. இந்த வீட்டில் அத்தை என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. ஒரு கார்டுதான் செல்லும் என்று சொல்லியிருந்தால், வேண்டாமென்று போயிருப்பார். சொல்லவில்லை. வாசிக்கத் தெரியாதவர்தானே, அஷ்லின் பெயரையே எழுதிவிட்டால் என்ன என்று ஒரு நிமிடம் தோன்றியது. சீ, என்ன புத்தி எனக்கு. பூமிநாதன் என்று எழுதினேன். எது அவன் பேரு என்று கேட்டார். காட்டினேன். மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

15.7.97

பஸ் ஸ்டாப் பெட்டியில் போட்டாயிற்று. அஷ்லின், மன்னிச்சுக்கோ.

3.8.97, ஞாயிறு

அடுத்த வாரம் முடிவு. பூமிநாதன் தோற்றால் அத்தை மறுபடி பூனையிடம் போய்விடுவாரோ என்று பயமாக இருக்கிறது. அவன் ஜெயிக்க வேண்டும் என்று நானே வேண்டுகிறேன். இதை யாரிடம் சொல்ல?

10.8.97, ஞாயிறு

இவர் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்தார். அத்தை பாயில், என் பக்கத்தில்.

வளையல்காரி ஜெயித்துவிட்டாள். பூமிநாதன் இரண்டாவது, அஷ்லின் மூன்றாவது. பிறகு இவர், "அப்ப நான் போட்ட கார்டும் வீணா?" என்றார்.

என்ன கார்டு என்று கேட்டேன்.

"அம்மாதான் கடைக்கு வந்து, நம்ம வீட்டு விலாசத்துல அஷ்லின் பேருக்கு ஒன்னு போடச் சொன்னாக."

அத்தை பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தார். "நீ என் ஆளுக்கு எழுதுன. ஒன் புள்ளைக்கு எழுத ஆளில்லாமப் போயிரக் கூடாதுல்ல" என்றார்.

அப்போதுதான், ஒரு விலாசத்துக்கு ஒரு கார்டு என்ற விதியைச் சொன்னேன்.

"அப்ப ரெண்டும் போச்சா?"

"ரெண்டும் போச்சு அத்தை."

அத்தை சிரிக்க ஆரம்பித்தார். சத்தமாக, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. நான் அழுதேன், சந்தோஷத்தில்தான். இவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டை எடுத்துவைக்கப் போனார்.

24.8.97, ஞாயிறு

செல்லக்கிளியும் அவள் அப்பாவும் பத்திரிகை வைக்க வந்திருந்தார்கள். அவளுக்கு விருதுநகரில் மாப்பிள்ளை. நல்ல பெண், கலகலப்பு. பேச்சு பாட்டுப் போட்டிக்குப் போனது. பூமிநாதன் தொண்டை கட்டினவன் மாதிரி கத்தினான் என்றாள். எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ! வெயிலில் வேலை பார்த்த தொண்டை அது, இன்னொருத்தருக்கு வருமா என்று பிடித்துக்கொண்டேன்.

"சரி மதினி, அந்த அஷ்லின் மட்டும் என்னத்தப் பாடுச்சு?" என்றாள்.

அத்தை அடுப்படியிலிருந்து காபித் தட்டோடு வந்தார். "அதச் சொல்லாத கிளி. அந்தப் புள்ளைக்கு ஒரு இடத்துலகூடச் சுருதி வெலகல. எங்க தங்கச்செல்வி சொல்லிருக்கா" என்றார்.

முதல் டம்ளரை என்னிடம் நீட்டினார். சர்க்கரை ரொம்பக் கூடிப்போயிருந்தது. முழுவதும் குடித்தேன். பூனையிடம்கூடச் சொல்லவில்லை.